28 பேரில் 26 பேர்: ஒரு சதவீதத்தைத் தேடிப் போன கதை

போன வருடம் டெக்சாஸில் இருக்கும் என் மச்சானின் காரை ஒரு பிக்கப் டிரக் பின்னாலிருந்து இடித்துவிட்டது. சிக்னலில் சும்மா நின்றுகொண்டிருந்த வண்டி. பம்பர் போச்சு, ஆளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. மறுநாள் காலையில் எழுந்தால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. எமர்ஜென்சிக்குப் போனார். நாலு நிமிடம் பார்த்து, எலும்பு முறிவு இல்லை என்று சொல்லி, வலி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இழப்பீட்டு விவகாரத்தை எடுத்துக்கொண்ட வக்கீல், ஒரு வாரத்தில் தனக்குத் தெரிந்த கைரோபிராக்டரிடம் அனுப்பினார். அங்கே போட்டுக் கொடுத்த திட்டம் வாரத்துக்கு 3 முறை, 12 வாரம். ஆக மொத்தம் 36 சிட்டிங்.

கூடவே ஒரு வழவழப்பான துண்டுத்தாள். விப்லாஷ் நோயாளிகளில் 93 சதவீதம் பேருக்கு கைரோபிராக்டிக் பலன் தந்ததாக மருத்துவ ஆய்வு நிரூபித்திருக்கிறது என்று அதில் பெரிய எழுத்தில் போட்டிருந்தது. மச்சான் அதைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பி, கீழே ஒரு குரல் பதிவும் போட்டிருந்தார். "மாப்ள, நீங்கதான் எதையும் விடாம நோண்டிப் பாப்பீங்களே. இது நெஜமான்னு பாத்துச் சொல்லுங்க. திங்கக்கிழமை முதல் சிட்டிங்."

அன்று வெள்ளிக்கிழமை.

நான் டாக்டர் இல்லை. பி.இ. முடித்துவிட்டு இருபது வருடமாக மென்பொருள் எழுதிக்கொண்டிருப்பவன். ஒரு ரிப்போர்ட்டில் ஒரு எண் இருந்தால் அது எந்த டேபிளிலிருந்து, எந்தக் கேள்விக்குப் பதிலாக வந்தது என்று பின்னாலேயே போவது தொழில் பழக்கம். அந்த 93-க்குப் பின்னாலும் அப்படித்தான் போனேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அதில்தான் போனது. அந்தக் குறிப்புகளைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே தருகிறேன்.

விப்லாஷ் என்றால் என்ன

ஹரால்ட் குரோ என்ற அமெரிக்க எலும்பு மருத்துவர் 1928-ல் இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். சாட்டையைச் சொடுக்குவது என்று அர்த்தம். அடிபடும் விதத்தைச் சொல்லத்தான் அவர் இதை எடுத்தார். ஜனங்கள் அதை ஒரு நோயின் பெயராகவே ஆக்கிவிட்டார்கள்.

பின்னாலிருந்து இடி விழும்போது சீட் உடம்பை முன்னால் தள்ளுகிறது. தலை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது. நடுவில் மாட்டிக்கொள்வது கழுத்து. ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் கழுத்தின் கீழ்ப்பகுதி பின்பக்கமாகவும் மேல்பகுதி முன்பக்கமாகவும் வளைகிறது. நாம் சாதாரணமாகக் கழுத்தை ஆட்டும்போது இப்படி ஒரு வளைவு வருவதே இல்லை. தசை, தசைநார், முள்ளெலும்புகளுக்குப் பின்னால் இருக்கும் சின்ன மூட்டுகள் எல்லாம் இழுபடுகின்றன.

கனடாவின் கியூபெக்கில் ஒரு நிபுணர் குழு 1995-ல் இதைத் தரம் பிரித்தது. வலி, இறுக்கம் மட்டும் இருந்தால் முதல் தரம். கழுத்து அசைவு குறைந்து, தொட்டால் வலிக்கும் இடங்களும் இருந்தால் இரண்டாம் தரம். கை மரத்துப்போவது, பலம் குறைவது போன்ற நரம்பு அறிகுறி இருந்தால் மூன்று. எலும்பு முறிந்தாலோ விலகினாலோ நான்கு. பெரும்பாலானவர்கள் முதல் இரண்டு தரத்துக்குள்தான் வருகிறார்கள். மச்சான் இரண்டாம் தரம்.

இந்த இரண்டு தரத்திலும் எக்ஸ்-ரே எடுத்தாலும் எம்.ஆர்.ஐ. எடுத்தாலும் வழக்கமாக ஒன்றும் தெரியாது. வலி நிஜம், ஆனால் படத்தில் எதுவும் இல்லை. லாகில் ஒரு வரிகூடப் பதிவாகாத பக் மாதிரி. அப்படிப்பட்ட இடத்தில் யார் உறுதியான குரலில் ஒரு காரணம் சொல்கிறாரோ அவர் பேச்சு எடுபடும்.

அந்தக் காரணம் எங்கிருந்து வந்தது

கைரோபிராக்டிக் 1895-ல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டாவன்போர்ட் ஊரில் பிறந்தது. டி.டி. பால்மர் என்பவர் காந்த சிகிச்சை செய்துகொண்டிருந்தவர். காது கேட்காத ஹார்வி லில்லார்ட் என்ற துப்புரவுத் தொழிலாளியின் முதுகெலும்பை அழுத்தித் தள்ளியதும் அவருக்குக் காது கேட்க ஆரம்பித்ததாகச் சொன்னார். செவி நரம்பு கழுத்து வழியாகவோ முதுகு வழியாகவோ போவதில்லை, மண்டைக்குள்ளேயே மூளைத் தண்டுக்குப் போய்விடுகிறது என்பது வேறு விஷயம். முள்ளெலும்பு இடம் விலகி நரம்பைத் தடுப்பதுதான் நோய்களுக்குக் காரணம், அதற்குப் பெயர் 'சப்லக்சேஷன்' என்று பால்மர் ஒரு கொள்கையே கட்டினார். 95 சதவீத நோய்கள் இதனால்தான் என்று எழுதினார். துல்லியமான சதவீதம் சொல்லும் பழக்கம் இந்தத் துறையில் அன்றைக்கே இருந்திருக்கிறது.

கைரோபிராக்டர்களை எல்லாம் இதை வைத்தே எடைபோட்டால் அது நியாயமில்லை. பிரிட்டனில் அவர்களை ஒழுங்குபடுத்தும் பொது கைரோபிராக்டிக் கவுன்சிலே 2010-ல் சப்லக்சேஷன் என்பது ஒரு வரலாற்றுக் கருத்து, அது நோயை உண்டாக்குகிறது என்பதற்கு ஆய்வு ஆதாரம் இல்லை என்று அறிவித்தது. இந்தத் தொழிலுக்குள்ளேயே பால்மரைப் பிடித்துக்கொண்டிருப்பவர்களும், அவரைத் தாண்டி வந்தவர்களும் இருக்கிறார்கள்.

"டாக்டர்கள் பொறாமையில் எதிர்க்கிறார்கள்" என்ற வாதத்திலும் பாதி உண்மை உண்டு. அமெரிக்க மருத்துவச் சங்கம் கைரோபிராக்டர்களை ஒதுக்கித் தொழிலையே ஒழிக்கப் பார்த்தது சட்டவிரோதம் என்று 1987-ல் வில்க் வழக்கில் ஒரு அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அது வணிகப் போட்டிச் சட்டத்தின்கீழ் வந்த தீர்ப்பு. சிகிச்சை வேலை செய்கிறதா என்ற கேள்வியை அது தீர்க்கவில்லை. இந்தத் தீர்ப்பைச் சிகிச்சைக்குக் கிடைத்த சான்றிதழ் மாதிரிக் காட்டுவதை நிறைய இடங்களில் பார்த்தேன்.

93-ஐக் கண்டுபிடித்தேன்

துண்டுத்தாளில் ஆய்வின் பெயர் இல்லை. தேடிப் பிடிக்கப் பெரிய கஷ்டமும் இல்லை. 'இஞ்சுரி' என்ற மருத்துவ இதழில் 1996-ல் வந்த மூன்று பக்கக் கட்டுரை. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் எலும்பு மருத்துவர்களான கார்கன், பானிஸ்டர் ஆகியோரும் உடன் எழுதியவர்களும் செய்தது. நாள்பட்ட விப்லாஷ் வலியோடு கைரோபிராக்டிக் சிகிச்சை எடுத்துக்கொண்ட 28 பேரின் நிலையைப் பின்னோக்கிப் பார்த்தார்கள். 26 பேரிடம் முன்னேற்றம். 28-ல் 26 என்பது 93 சதவீதம். கணக்கு சரிதான்.

இதை நல்ல எண்ணத்தோடுதான் படிக்க ஆரம்பித்தேன். எழுதியவர்களில் எலும்பு மருத்துவர்களும் இருக்கிறார்கள், பிரசுரித்தது ஒழுங்கான இதழ். படித்து முடித்தபோது ஆய்வின்மேல் எனக்குக் கோபம் வரவில்லை, துண்டுத்தாள்மேல்தான் வந்தது.

முதல் விஷயம், ஒப்பீட்டுக் குழு இல்லை. அதாவது இதே மாதிரி இன்னொரு 28 பேர் கைரோபிராக்டரிடம் போகாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது. நான் ஒரு சர்வரில் ஒரு மாற்றம் செய்துவிட்டு "வேகம் கூடிவிட்டது" என்று சொன்னால், என் டீம் லீட் முதலில் கேட்பது "எதைவிட?" என்றுதான். அந்தக் கேள்விக்கு இந்த ஆய்வில் பதில் இல்லை.

இதற்கு ஒரு எதிர்வாதம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த 28 பேருக்கும் அடிபட்டு சராசரியாக 15 மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. தானாகக் குணமாகிறவர்களில் பெரும்பாலோர் முதல் சில மாதங்களிலேயே தேறிவிடுகிறார்கள். அதனால் "சும்மா விட்டிருந்தாலும் சரியாகியிருக்கும்" என்று சுலபமாகத் தள்ளிவிட முடியாது. இது நியாயமான பாயிண்ட். ஆனாலும் நாள்பட்ட வலி ஏறி இறங்கிக்கொண்டே இருப்பது. ரொம்ப மோசமாக இருக்கும்போதுதான் ஆள் புதுச் சிகிச்சை தேடிப் போவார். மோசமான நாளுக்கு அப்புறம் வருவது பெரும்பாலும் கொஞ்சம் நல்ல நாள்தான். அந்த இறக்கத்தையும் சிகிச்சையின் பலனையும் பிரித்துக் காட்டத்தான் ஒப்பீட்டுக் குழு வேண்டும்.

இரண்டாவது, 28 என்பது சின்ன எண். நானே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 28-ல் 26 என்று வந்தால் உண்மையான விகிதம் சுமார் 77-லிருந்து 98 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். 93 என்று எழுதும்போது வருகிற துல்லியம் அந்தத் தரவில் இல்லை.

மூன்றாவது, 'முன்னேற்றம்' என்ற சொல். வலியின் கடுமையை நாலு படியாகப் பிரித்திருந்தார்கள். 26 பேரில் 16 பேர் ஒரு படி இறங்கினார்கள், 10 பேர் இரண்டு படி. ஒரு படி இறங்குவதும் பெரிய நிம்மதிதான், வலியில் இருப்பவனுக்குத்தான் அது தெரியும். ஆனால் தாளைப் படிக்கிறவர் மனதில் அது 'குணமாகிவிட்டார்கள்' என்றுதான் பதிகிறது.

நான்காவதுதான் எனக்கு முக்கியம். அந்த ஆய்வு ஒரு வருடத்துக்கும் மேல் வலியோடு இருந்தவர்களைப் பற்றியது. மச்சானுக்கு அடிபட்டு 9 நாள். இரண்டும் ஒரே நோய் என்று வைத்துக்கொள்ள முடியாது. வேறொரு மென்பொருளின் டெஸ்ட் முடிவை நம் ரிலீஸில் ஒட்டுவது மாதிரி இது.

கடைசியாக ஒன்று. கட்டுரையை எழுதியவர்களே முடிவில், முடிவுகள் ஊக்கம் தருகின்றன, அதனால் சீட்டுக் குலுக்கிப் பிரித்து வழக்கமான சிகிச்சையோடு ஒப்பிடும் முறையான பரிசோதனை செய்ய வேண்டும் என்றுதான் சொல்கிறார்கள். அதாவது அவர்கள் கேட்டது ஆரம்பத்துக்கான அனுமதி. துண்டுத்தாள் அதை முடிவாக்கிவிட்டது. அதே பிரிஸ்டல் குழுவின் அடுத்த கட்டுரை 1999-ல் வந்தது. அதில் கழுத்து எல்லாப் பக்கமும் திரும்பியும் கடும் வலி இருந்த ஒரு வகையினருக்கு இந்தச் சிகிச்சை பெரிதாக உதவவில்லை என்று இருக்கிறது. அது எந்தத் துண்டுத்தாளிலும் வரவில்லை.

ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் என்ன கண்டார்கள்

அப்படியானால் கழுத்தைத் திருகுவது சுத்த ஏமாற்றா? அதுவும் இல்லை. இங்கேதான் என் எதிர்பார்ப்பும் உடைந்தது.

2012-ல் அமெரிக்காவில் பிரான்ஃபோர்ட் குழு 272 பேரை மூன்றாகப் பிரித்தது. ஒரு குழுவுக்கு முதுகெலும்பைக் கையால் சரிசெய்யும் சிகிச்சை, இன்னொன்றுக்கு மாத்திரை, மூன்றாவதற்கு வீட்டில் செய்யும் பயிற்சி. விப்லாஷுக்கு மட்டுமான ஆய்வு இல்லை, சில வாரங்களாக இருந்த பொதுவான கழுத்து வலி. 12 வாரத்தில் கைச்சிகிச்சை மாத்திரையை வென்றது. மாத்திரைதான் விஞ்ஞானம், மற்றதெல்லாம் சும்மா என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு இது ஒரு குட்டு.

ஆனால் வீட்டுப் பயிற்சியும் ஏறக்குறைய அதே பலனைத் தந்தது. அந்தப் பயிற்சியைக் கற்றுக்கொடுக்க ஆனது ஒரு மணி நேரம் வீதம் இரண்டே சந்திப்பு. தினமும் சில தடவை மெதுவாகக் கழுத்தை, தோளை அசைக்கும் பயிற்சி, உட்காரும் விதம் பற்றிக் கொஞ்சம் அறிவுரை, அவ்வளவுதான்.

2015-ல் காக்ரேன் அமைப்பு 51 பரிசோதனைகளை, கிட்டத்தட்ட 2,900 பேரை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. வேகமாகத் திருகிப் 'படக்' என்று சத்தம் வரவைக்கும் முறைக்கும், மெதுவாக அசைத்துக் கொடுக்கும் முறைக்கும் பலனில் பெரிய வித்தியாசம் இல்லை. அதாவது அந்தச் சத்தம்தான் சிகிச்சை என்பது நம் மனதில் இருப்பது. 2015-ல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் விரல் சொடக்கை எம்.ஆர்.ஐ.க்குள் வைத்துப் பார்த்தார்கள். மூட்டுத் திரவத்துக்குள் ஒரு வாயுக் குமிழ் உருவாகும்போதுதான் சத்தம் வருகிறது. இடம் மாறிய எலும்பு எதுவும் திரும்ப வந்து உட்காருவதில்லை. நம்ம ஊர் சலூனில் முடிவெட்டி முடித்ததும் தலையைப் பிடித்து இரண்டு பக்கமும் ஒரு திருப்புத் திருப்புவார்களே, அந்தச் சத்தமும் இதே ரகம்தான். ஏதோ சரியாகிவிட்ட மாதிரி இருக்கும்.

36 தடவை எதற்கு

இந்தத் துறையைக் கடுமையாகச் சோதித்துப் பார்த்தவர்களில் கைரோபிராக்டர்களே இருக்கிறார்கள் என்பது எனக்குப் புதுச் செய்தி. டேவிட் காசிடி, பியர் கோத்தே இருவரும் கைரோபிராக்டிக் படித்துவிட்டு நோய்ப்பரவல் ஆய்வுக்கு வந்தவர்கள். கனடாவின் சஸ்காட்சுவன் மாநிலத்தில் விப்லாஷுக்கு இழப்பீடு கேட்ட 2,000-க்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து பார்த்து 2005-ல் வெளியிட்டார்கள். முதல் மாதத்தில் குடும்ப டாக்டரை ஒன்றிரண்டு தடவை மட்டும் பார்த்தவர்கள் சீக்கிரம் தேறினார்கள். நிறையத் தடவை டாக்டரிடம் போனவர்கள், டாக்டரோடு கைரோபிராக்டரிடமும் அடிக்கடி போனவர்கள் மெதுவாகத் தேறினார்கள்.

அதிக வலி உள்ளவர்தானே அடிக்கடி போவார் என்று உடனே கேட்கத் தோன்றும். சரியான கேள்வி. அடியின் கடுமையையும் கணக்கில் எடுத்துத்தான் பார்த்திருக்கிறார்கள். அப்படியும் முழுசாகக் கழித்துவிட முடியாது. அதனால் 'அதிக சிகிச்சை கெடுதல் செய்கிறது' என்று இதை வைத்து நான் அடித்துச் சொல்ல மாட்டேன். 'அதிகம் செய்தால் சீக்கிரம் குணமாகும்' என்பதற்கு இதில் ஆதாரம் இல்லை என்று மட்டும் சொல்லலாம். அது கைரோபிராக்டிக்குக்கு மட்டும் பொருந்துவதும் இல்லை. 2014-ல் லான்செட்டில் வந்த ஆஸ்திரேலியப் பரிசோதனை ஒன்றில் நாள்பட்ட விப்லாஷ் உள்ள 172 பேரில் ஒரு பாதிக்கு 20 சிட்டிங் பிசியோதெரபிப் பயிற்சி, இன்னொரு பாதிக்கு ஒரே ஒரு ஆலோசனை. இரண்டு குழுவுக்கும் வலியில் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை.

சஸ்காட்சுவனிலிருந்து இன்னொரு ஆய்வு, 2009-ல் வந்தது. 6,015 பேர். சீக்கிரம் சரியாகிவிடும் என்று எதிர்பார்த்தவர்கள், சரியாகவே ஆகாது என்று நினைத்தவர்களைவிட மூன்று மடங்குக்கும் மேல் வேகமாகத் தேறினார்கள். இதைப் படித்தபிறகு அந்த 36 என்ற எண்ணை வேறு மாதிரிப் பார்க்க ஆரம்பித்தேன். அடிபட்ட இரண்டாவது வாரத்தில் ஒருவரிடம் "உங்களுக்கு 36 தடவை வேண்டும், எலும்பு விலகியிருக்கிறது" என்று சொன்னால் அவர் என்ன எதிர்பார்ப்பார்? தன் கழுத்து உடைந்த பொருள், வேறொருவர் கை பட்டால்தான் நேராகும் என்றுதானே?

இதில் பணத்துக்கும் பங்கு உண்டு. சஸ்காட்சுவன் 1995-ல் காப்பீட்டு முறையை மாற்றியது. யார் தப்பு என்று வழக்காடி வலிக்கும் வேதனைக்கும் பணம் வாங்கும் முறை போய், யார் தப்பானாலும் சிகிச்சைச் செலவைத் தரும் முறை வந்தது. விப்லாஷ் கோரிக்கைகள் ஆறு மாதத்துக்கு 1,00,000 பேருக்கு 417 என்றிருந்தது 302 ஆனது. ஒரு கோரிக்கை முடிய எடுக்கும் நாளின் இடைநிலை 433-லிருந்து 194 ஆனது. காசிடி குழுதான் இதையும் 2000-ல் வெளியிட்டது. இதைப் படித்துவிட்டு "எல்லாரும் நடிக்கிறார்கள்" என்பவர்கள் உண்டு. நான் அப்படிப் படிக்கவில்லை. வலிக்கிறது என்று மாதக்கணக்கில் நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டிய நிலையில் ஒருவரை வைத்தால், அவர் கவனம் முழுக்க வலியின் மேல்தான் இருக்கும். வக்கீலுக்குச் சிகிச்சை பில் நீளமாக இருப்பது நல்லது. கிளினிக்குக்கும் நல்லது. கழுத்துக்கு நல்லதா என்று கேட்க அந்த இடத்தில் ஆள் இல்லை.

பயப்பட வேண்டிய இடம்

ஞாயிற்றுக்கிழமை காலைதான் இந்தப் பகுதிக்கு வந்தேன். அப்புறம் காபி குடிக்கவும் தோன்றவில்லை.

மூளையின் பின்பகுதிக்கு ரத்தம் கொண்டுபோகும் இரண்டு தமனிகள் கழுத்து எலும்புகளில் இருக்கும் துளைகள் வழியாக மேலே ஏறுகின்றன. உச்சியில், தலை திரும்பும் மூட்டுக்குப் பக்கத்தில், வளைந்து உள்ளே போகின்றன. இந்தக் குழாயின் உட்சுவர் கிழிந்தால் அங்கே ரத்தம் உறைந்து மூளைக்குப் போய் ஸ்ட்ரோக் வரலாம். அபூர்வம்தான். ஆனால் இளம் வயதில் வரும் ஸ்ட்ரோக்குக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கழுத்தைத் திருகுவதால் இது வருகிறதா என்பது பல வருடச் சண்டை. ஒன்டாரியோவில் ஒன்பது வருடத் தரவில் இப்படி ஸ்ட்ரோக் வந்த 818 பேரைப் பார்த்த ஆய்வு 2008-ல் வந்தது. இதுவும் காசிடி குழுதான். 45 வயதுக்குக் கீழே உள்ளவர்களில், ஸ்ட்ரோக்குக்கு முன்னால் கைரோபிராக்டரிடம் போனதற்கும் ஸ்ட்ரோக்குக்கும் தொடர்பு தெரிந்தது. குடும்ப டாக்டரிடம் போனதற்கும் அதே மாதிரித் தொடர்பு தெரிந்தது. டாக்டர் யாரும் கழுத்தைத் திருகுவதில்லை. அதனால், குழாய் ஏற்கெனவே கிழிந்து கழுத்தும் தலையும் வலிக்க ஆரம்பித்ததால்தான் இவர்கள் இரண்டு இடத்துக்கும் போயிருக்கிறார்கள் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். 2014-ல் அமெரிக்க இதயச் சங்கம் வெளியிட்ட அறிக்கை, திருகுவதுதான் காரணம் என்று நிரூபணம் ஆகவில்லை, ஆனாலும் தொடர்பு இருப்பதை நோயாளியிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்றது.

கைரோபிராக்டர்கள் 2008 ஆய்வைத் தங்களுக்குச் சாதகமாகக் காட்டுகிறார்கள். எனக்கு அது நேர்மாறாகத்தான் படுகிறது. கிழிந்த குழாயோடு ஆட்கள் அந்த வாசலுக்கு வருகிறார்கள் என்பதுதானே அதன் பொருள்? அவர்களுக்கு இருப்பது கழுத்து வலி, தலைவலி, அதாவது விப்லாஷுக்கு இருக்கும் அதே புகார்கள். போதாக்குறைக்குக் கார் விபத்தே அந்தக் கிழிசலை உண்டாக்கலாம். தொட்டுப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே அடிபட்டுச் சில நாளே ஆன கழுத்தை வேகமாகத் திருகுவதற்கு, மெதுவாக அசைப்பதைவிட அதிகப் பலன் இல்லாதபோது, சின்ன ஆபத்தும் எதற்கு?

அப்போதுதான் மச்சானுக்குப் போன் போட்டுக் கேட்டேன். கை மரத்துப் போகுதா? இல்லை. ரெட்டையாத் தெரியுதா, பேச்சு குளறுதா, இமை தொங்குதா, நடக்கத் தள்ளாடுதா? இல்லை. புது மாதிரித் தலைவலி ஏதாவது?

"ஆமா மாப்ள. இடது பக்கம் மட்டும், பிடரிக்கு மேல. முன்ன பின்ன வந்ததே இல்ல. அங்க சொன்னேன், அதுதான் எலும்பு விலகுனதுக்கு அடையாளம்னாங்க."

விப்லாஷில் தலைவலி சகஜம், பெரும்பாலும் ஒன்றும் இருக்காது என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒருபக்கமாக, இதுவரை வராத மாதிரி வரும் வலி என்பது நான் காலையில் படித்த பட்டியலில் முதல் வரி. திங்கட்கிழமை அங்கே போகாதீங்க, முதலில் டாக்டரிடம் இதே வார்த்தையில் சொல்லுங்க என்றேன். போனார். ரத்தக்குழாய்க்கான சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். எல்லாம் சுத்தமாக இருந்தது. பில்லைப் பார்த்துவிட்டு அக்காவுக்கு என்மேல் கோபம். "கம்ப்யூட்டர் தட்டுறவர் பேச்சக் கேட்டு" என்று ஆரம்பித்தது எனக்கே காதில் விழுந்தது. அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இன்னொரு தடவை அப்படி ஒரு போன் வந்தாலும் அதையேதான் சொல்வேன்.

என் கணக்கு

கைரோபிராக்டரின் கையைவிட அவர் தரும் வாக்குறுதியில்தான் எனக்குச் சண்டை. கை கொஞ்சம் உதவுகிறது. அவர்கள் நேரம் கொடுத்துக் கேட்கிறார்கள், தொட்டுப் பார்க்கிறார்கள், கழுத்துப்பட்டை மாட்டிப் படுக்காதே, நடமாடு என்று நிறையப் பேர் சரியாகவே சொல்கிறார்கள். எமர்ஜென்சியில் நாலு நிமிடத்தில் அனுப்பியவர்கள் இதில் எதையும் செய்யவில்லை. அந்தக் காலி இடத்தில்தான் துண்டுத்தாள் வந்து உட்கார்ந்தது. விலகாத எலும்பை விலகியது என்பதும், 28 பேரை 'ஆய்வு நிரூபித்தது' என்பதும், 9 நாள் வலிக்கு 15 மாத வலியின் புள்ளிவிவரத்தைக் காட்டுவதும், பரிசோதிக்கும் முன்பே 36 என்று எழுதுவதும்தான் தப்பு.

மச்சானிடம் மூன்று கேள்வி எழுதிக் கொடுத்தேன். வேகமாகத் திருகாமல் மெதுவாக அசைத்து மட்டும் செய்வீர்களா? வீட்டில் நானே செய்யப் பயிற்சி சொல்லித் தருவீர்களா? ஆறு தடவையில் முன்னேற்றம் இல்லையென்றால் என்ன செய்வோம்? முதல் கிளினிக்கில் முகம் மாறியதாம். இன்னொரு ஊரில் இருந்த ஒரு கைரோபிராக்டர், இளம்பெண், மூன்றுக்கும் நேராகப் பதில் சொல்லியிருக்கிறார். அவரிடம் ஐந்து தடவை போனார். மீதியை வீட்டில் பாத்ரூம் கண்ணாடிக்கு முன்னால் நின்று செய்தார்.

மூன்று மாதத்தில் கழுத்து திரும்பியது. தலைவலியும் போய்விட்டது. ஐந்து சிட்டிங்காலா, பயிற்சியாலா, ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்ற நிம்மதியாலா, சும்மா விட்டிருந்தாலும் போயிருக்குமா என்று எனக்குத் தெரியாது. மச்சான் இப்போது ஆபீஸில் கழுத்து வலி என்று யார் சொன்னாலும் "எனக்கு நூறு சதவீதம் சரியாப் போச்சு" என்கிறாராம். ஒரு ஆளை வைத்துச் சதவீதம் போடக் கூடாது என்று சொல்லிப் பார்த்துவிட்டேன். கேட்கிற மாதிரி இல்லை.